வழியில் நின்று நின்று வீடு வந்து சேர்ந்த எங்கள் வாப்பா

எங்கள் வாப்பா தம் வீட்டில், தம் கட்டிலில், நடுப்பகல் ளுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த வேளையில், உம்மாவின் கைக்குள் கை வைத்தபடி கண்மூடி மௌத்தானார். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் வீட்டில் எல்லோரும் வேறொரு முடிவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். ஏதோ ஒரு வயல்வெளியில், நின்றுபோன மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வாப்பா கிடக்கிறார் என்று யாராவது ஓடிவந்து சொல்வார்கள் என்று பயந்தோம். அப்படி ஒருவரும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அவர் போய் ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்கள், மகள் இவ்வளவு ஆறுதலாக எழுதியிருக்கிறாளே என்று குறை நினைக்க வேண்டாம். அழ வேண்டியதை எல்லாம் அவர் உயிரோடு இருந்தபோதே, அவர் வரச் சுணங்கிய ஒவ்வொரு மாலையிலும் அழுதுவிட்டோம்.

வாப்பா பிறந்தது சாய்ந்தமருதில். அவருடைய வாப்பாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் கொஞ்சம் வயலும் சில எருமைகளும் இருந்தன. எங்கள் வாப்பா பன்னிரண்டு வயதில் தம் வாப்பாவை இழந்து, எருமைகளைப் பார்த்துக்கொண்டே படித்தார். பத்தாம் வகுப்பு முடித்ததும் கால்நடைப் பயிற்சிக்குக் கண்டிப் பக்கம் போக இடம் கிடைத்தது. அங்கிருந்து திரும்பும்போது இரண்டு விடயங்களைக் கற்றுக்கொண்டு வந்தார். ஒன்று மாட்டைப் பற்றியது. மற்றது சிங்களம். இரண்டும் பிற்காலத்தில் அவர் உயிரைக் காப்பாற்றின.

வாப்பா கால்நடை உத்தியோகத்தர். ஊரில் எல்லோரும் "மாட்டு டொக்டர்" என்றுதான் சொல்வார்கள். "நான் டொக்டர் இல்ல, டொக்டருக்கு உதவியாள்" என்று அவர் திருத்துவார். ஒருவரும் கேட்கமாட்டார்கள். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரைக்கும், மேற்கே சிங்களக் கிராமங்கள் வரைக்கும், கன்று போட முடியாமல் கிடக்கும் பசுவுக்கும் காணை நோய் கண்ட மாட்டுக்கும் வாப்பாதான் போக வேண்டும். மாட்டுக்காரர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று அவர் விசாரித்ததில்லை. வீட்டில் அவர் கதைக்கும்போது மாட்டின் நிறத்தைச் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவார். "அந்தக் கறுத்தப் பசுக்காரர்" என்பார்.

அரசாங்கக் கந்தோரில் கொடுத்த புது மோட்டார் சைக்கிளை, வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில், துவக்கு வைத்திருந்த சிலர் வழியில் மறித்துப் பறித்துக்கொண்டார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று வாப்பா கடைசி வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்லோயாத் திட்டத்தில் வேலை பார்த்த ஒரு எஞ்சினியர் எப்போதோ விட்டுப் போனது. வெள்ளைக்காரர் காலத்து வண்டி. இருக்கை உடைந்து, பெற்றோல் தாங்கியில் துருப் பிடித்து, ஒரு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததை வாப்பா வாங்கிக்கொண்டு வந்தபோது உம்மா வாசலில் நின்று கேட்டாராம்:

"இது ஓடுமா?"

"ஓடும், நிக்கும். ஆனா ஒருத்தனும் பறிக்கமாட்டான்."

அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. மின்பொறி கொடுக்கும் பகுதி, மக்னீற்றோ என்பார்கள், அது சூடேறினால் வேலை செய்யாது. பத்து மைல் ஓடும். பிறகு இருமும், விக்கும், நின்றுவிடும். இருபது நிமிடம் மர நிழலில் ஆறவிட்டால் மீண்டும் ஓடும், அதுவும் வாப்பா உதைத்தால் மட்டும். பாண்டிருப்பில் கராஜ் வைத்திருந்த செல்வராசா அண்ணன்தான் அதற்கு வைத்தியர். எத்தனையோ தரம் கழற்றிப் பூட்டினார். "டொக்டர், இதுக்கு உயிர் இருக்கு, ஆனா மனம் இல்ல" என்பார்.

ஒரு முறை வயல்வழியில் இரண்டு இளைஞர்கள் துவக்கோடு வந்து வாப்பாவை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். வாப்பா மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அரை மைல் போனதும் வாய்க்கால் கரையில் அதே இருவரும் வேர்த்து விறுவிறுத்து வண்டியை மாறி மாறி உதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, இதை எப்படி ஸ்ராட் பண்ணுறது?"

"அது சூடாகிக் கிடக்கு தம்பி. இருபது நிமிசம் நிழல்ல விடுங்க. மறுகா மெதுவா ரெண்டு உதை, மூண்டாவது பலமா."

"எங்களுக்கு இருபது நிமிசம் இல்ல. நீங்களே கொண்டுபோங்க."

வாப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். உம்மா மட்டும் சிரிக்கமாட்டார். ஏனென்றால் அந்த இருபது நிமிடத்தை வாப்பா மர நிழலில் கழிக்கும்போது, உம்மா அதை இரண்டு மணித்தியாலமாக வீட்டில் கழிப்பார். அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் வீதிகள் வெறித்துவிடும். ஊருக்கு ஊர் சோதனைச்சாவடி. எந்த வீதியில் எப்போது என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் போனவரே திரும்பி வராத காலத்தில், நடுவழியில் நின்றுவிடும் வண்டியில் போனவரை என்ன சொல்லிக் காத்திருப்பது?

இனி நான் எழுதப்போவது எங்கள் குடும்பத்தில் பல வருடங்கள் ஒருவரும் வாய்விட்டுக் கதைக்காத விடயம். உம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வாப்பா விடியச் சுபஹ் தொழுததும் சம்மாந்துறைக்கு அப்பால் ஒரு வட்டைக்குப் போனார். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். அங்கே ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது. போகும்போது உம்மா சொல்லிவிட்டார்: "எட்டு மணிக்கு வந்து என்னைத் தங்கச்சி வீட்ட விடணும்." உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, கடற்கரையோரம் இருந்தார். குழந்தை பிறந்து பதினேழு நாள்தான். உம்மா விடியற்காலையிலேயே எழுந்து பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மிளகு ஆணமும் சோறும் ஆக்கி, கூடையில் வைத்து, உடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணியாயிற்று. எட்டரையாயிற்று. வாப்பா வரவில்லை. உம்மா உட்காருவதும் எழும்பி வாசலைப் பார்ப்பதுமாக இருந்துவிட்டு, "நான் கொஞ்சம் சாயுறன், வந்தா எழுப்பு" என்று எனக்குச் சொல்லிப் படுத்தார். நான் அவரை எழுப்பியது வாப்பா வந்து அல்ல. வீதியில் சனம் ஓடும் சத்தத்தில்தான் எழுப்பினேன். எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் எங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாங்கள் சம்மாந்துறைப் பக்கம் ஓடினோம். உம்மா கிழக்கே ஓடப் பார்த்தார். நானும் தம்பியும் இருபுறமும் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம்.

அந்த நேரம் வாப்பா பசுவுக்குக் கன்றை எடுத்துவிட்டு, கையைக் கழுவி, வாய்க்கால் கரையில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். போகும்போதே சூடேறி நின்ற வண்டி, திரும்பும்போதும் எழும்பவில்லை. ஒரு உழவு இயந்திரத்தில் வந்தவர்கள்தான் செய்தியைச் சொன்னார்கள். வாப்பா வண்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு அவர்களோடு ஏறினார். பின்னேரம் சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் எங்களைக் கண்டுபிடித்தார். மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகத் தொட்டுப் பார்த்தார். பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்தார். உம்மா முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டார். சாச்சியையும் குழந்தையையும் அடுத்த நாள்தான் கண்டெடுத்தோம்.

வாப்பா ஒன்பது நாள் அந்த வண்டியை நினைக்கவில்லை. மையித்துகளை அடக்கவும், பிறகு செத்த மாடுகளைப் புதைக்கவும் கால்நடையாகவே திரிந்தார். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. வயல்காரர் பசளைப் பைகளைப் பிரித்துத் தைத்து அதன் மேல் போர்த்து, காற்றுக்குப் பறக்காமல் கல்லும் வைத்திருந்தார். "ஊரே கடல்ல போகக்குள்ள உங்கட சாமானையாவது காப்பாத்துவமெண்டு" என்றாராம். அந்த மனிதர் எங்கள் வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கும் வந்திருந்தார்.

உம்மா அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. வாப்பா கூப்பிடவும் இல்லை. அன்று காலை வண்டி பழுதானதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் நல்லதாகவும் கதைக்கவில்லை, கெட்டதாகவும் கதைக்கவில்லை. வாப்பா நேரத்துக்கு வந்திருந்தால் எங்களுக்கு உம்மா இல்லை. அதைச் சொல்லி நன்றி செலுத்த வாய் வரவில்லை. சாச்சியின் வீடு இருந்த வெறும் வளவைத் தாண்டித்தானே நாங்கள் கடற்கரைக்குப் போக வேண்டும்.

இரண்டு மூன்று வருடம் போனது. சண்டை மீண்டும் மூண்டு, கிழக்கில் உச்சத்தில் இருந்த காலம். அன்று வாப்பா திருக்கோவில் பக்கத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்னால் ஓர் அலுமினியக் குடுவை கட்டியிருந்தது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: அதற்குள் திரவ நைதரசனில் நல்ல இனக் காளைகளின் விந்து உறைய வைத்திருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வரும். பார்க்கிறவருக்கு அது என்னவென்று தெரியாது.

அட்டாளைச்சேனை தாண்டி, நிந்தவூருக்கு முன்னால் உள்ள வெளியில் வண்டி நின்றது. அன்று ஆறவிட்டும் எழும்பவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு காவலரண் இருந்தது. வாப்பா அங்கே நின்ற ஆமிக்காரரிடம் சிங்களத்தில் விடயத்தைச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பாண்டிருப்புக்கு வந்து, செல்வராசா அண்ணனைச் சாமான் பையோடு கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். இதற்கிடையில் காவலரணில் ஆள் மாறிவிட்டது. வந்தவருக்குப் போனவர் சொல்லவில்லை.

நடந்ததை எனக்குச் சொன்னவர் செல்வராசா அண்ணன். பஸ் ஓரிடத்தில் நின்றது. இரண்டு பக்கமும் வாகனங்கள். வெளியில் ஒருவரும் இல்லாத நீண்ட வீதியின் நடுவில் எங்கள் வண்டி மட்டும் தனியாக நின்றது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஆமிக்காரர்கள் படுத்திருந்தார்கள். "சைக்கிள்ல குண்டு கட்டிக் கிடக்காம், சுட்டு வெடிக்க வைக்கப் போறாங்களாம்" என்று பஸ்ஸுக்குள் சனம் கதைத்தது.

செல்வராசா அண்ணன் தமிழர். கையில் வயர், இடுக்கி, பற்றரி எல்லாம் போட்ட பை.

"டொக்டர், வாங்க இப்படியே திரும்பிப் போவம். பிறகு ஆறுதலாப் பாப்பம்" என்று காதுக்குள் சொன்னார்.

வாப்பா சொன்னார்:

"தூரத்தில நிண்டு சுட்டா வண்டிதான் போகும். அது போகட்டும். கிட்டப் போய்ப் பாரெண்டு ஒரு பொடியனை அனுப்பினா? அவன் பயத்திலேயே செத்திருவான். மறுகா நம்பரைப் பாத்து என்ட வீட்டுக்கும் போவாங்க. நீ இறங்காத. கேட்டா உன்னை எனக்குத் தெரியாது. எனக்கு என்ன ஆனாலும் உன்னை எனக்குத் தெரியாது, விளங்கிச்சா?"

சொல்லிவிட்டு இறங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "அது என்னுடையது! என்னுடையது!" என்று சிங்களத்தில் கூப்பிட்டபடி நடந்தார். துவக்குகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. ஒரு அதிகாரி நில் என்று கத்தினார். வாப்பா நின்றார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். அடையாள அட்டையை வீதியில் வைத்துவிட்டுப் பின்னால் போகச் சொன்னார்கள். போனார்.

"அந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது?"

வாப்பா எத்தனையோ வருடம் சிங்களம் கதைத்தவர். அந்த நேரத்தில் அந்த மருத்துவச் சொல் நினைவுக்கு வரவில்லையாம். "காளை, சேர்! காளை இருக்கிறது!" என்றாராம்.

அதிகாரிக்கு விளங்கவில்லை. "நீயே போய்த் திற" என்றார். வாப்பா தனியாக வண்டிக்குப் போனார். மூடியைத் தூக்கினார். குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பியது. ஆமிக்காரர்கள் எல்லோரும் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள் இருந்த சனமும் இருக்கைகளுக்குக் கீழே போனது. செல்வராசா அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வெடிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், வெயிலில் மேல்சட்டையில்லாமல் நிற்கும் வாப்பா, கையில் மூடியோடு, எல்லோரும் எழும்பும்வரை பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தவர் மண்மூட்டைக்குப் பின்னால் கிடந்த ஒரு ஆமிக்காரர். மாடு வளர்க்கும் கிராமத்துப் பிள்ளை. "சேர், இது மாட்டுக்கு ஊசி போடும் டொக்டர் மாத்தயா! எங்கள் வீட்டுப் பசுவுக்கும் இப்படித்தான் புகை வரும் பாத்திரம் கொண்டு வருவார்கள்!" என்று அவர் கத்த, ஒவ்வொருவராக எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். அதிகாரிக்கு மட்டும் கோபம் தீரவில்லை. கடதாசிகளை எல்லாம் பார்த்து, கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்து, இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தார். கடைசியில், "இந்தக் கிழட்டு வண்டியை இங்கிருந்து எடு" என்றார்.

"எடுக்கலாம் சேர். திருத்துகிறவர் அந்தப் பஸ்ஸில் வந்தார். தமிழர். அவரை ஒன்றும் செய்யமாட்டோம் என்று சொன்னால் கூப்பிடுகிறேன்."

அதிகாரி வாப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூப்பிடு" என்றார். செல்வராசா அண்ணன் அப்போதும் போகாமல் வீதியோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் அறுந்த வயரைப் பொருத்தினார். வண்டி உதைக்கு எழும்பவில்லை. சுட்டு வெடிக்க வைக்கப் படுத்திருந்த அதே ஆட்கள்தான் நான்கு பேர் சேர்ந்து தள்ளிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த கதை வேறு. "மாட்டு டொக்டர்ர சைக்கிள்ல குண்டு, ஆளைப் புடிச்சிட்டாங்க" என்று நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கே செய்தி வந்தது. நான் ஓடி வந்தபோது உம்மா தொழுகைப் பாயில் இருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அஸர் தொழுகை நேரம் தாண்டி, வெயில் சரியத் தொடங்கியபோது, தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. இருமி, விக்கி, வெடித்து வரும் அந்தச் சத்தத்தை உலகத்தில் வேறு எந்த வண்டியும் போடாது. உம்மா பாயை விட்டு எழும்பாமலே, "வாறார்" என்றார்.

வாப்பா முன்னால், பின்னால் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு செல்வராசா அண்ணன். உம்மா வாசலுக்கு வந்து கேட்டார்:

"கை, கால் எல்லாம் இரிக்கா?"

"எல்லாம் இரிக்கி. குடுவையிலதான் கொஞ்சம் குறைஞ்சிட்டு."

உம்மா உள்ளே போய் இருவருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகுதான் குசினிக்குள் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். "இந்தச் சனியனை வித்துப்போடுங்க" என்று அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். வாப்பா, "சண்டை முடியட்டும்" என்றார்.

சண்டை முடிந்தது. எல்லோருக்கும் அது ஒரே மாதிரி முடியவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். செல்வராசா அண்ணனின் அக்கா மகன் வன்னியிலிருந்து இன்றுவரை வரவில்லை. அவருடைய கராஜில் போய் உட்கார்ந்துகொண்டு வாப்பா பல நாள் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு வருவார்.

"முடிஞ்சிட்டே, எப்ப விக்கிறீங்க?" என்று உம்மா கேட்டபோது, "முடிஞ்ச பிறகு என்னத்துக்கு விக்கிற?" என்றார் வாப்பா.

சில மாதங்களில் பொத்துவில் வீதியில் சோதனைச்சாவடிகள் குறைந்துவிட்டன. பொத்துவிலில் உம்மாவின் உறவில் ஒரு கல்யாணம். நானும் என் கணவரும் எங்கள் மோட்டார் சைக்கிளில் போவதாக இருந்தோம். உம்மாவைப் பஸ்ஸில் அனுப்ப நினைத்தோம். அன்று காலை உம்மா உடுத்துக்கொண்டு வந்து, யாரும் எதிர்பார்க்காமல், வாப்பாவின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். வாப்பா இருக்கையைத் துடைத்துவிட்டார்.

போகும்போது இரண்டு இடத்தில் நின்றது. திரும்பும்போது, பின்னேரம், கோமாரிக்குக் கிட்ட மூன்றாவது முறை நின்றது. வழிநெடுக எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. வண்டி மட்டும்தான் மறித்தது. என் கணவர் இறங்கித் தள்ளிப் பார்த்தார். சரிவரவில்லை. வீதியோரத்தில் வெட்டிப் போட்ட ஒரு தென்னங்குற்றியில் உம்மா உட்கார்ந்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொழுது படுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் உடம்பில் ஊறிப்போன பயம். நான் நேரத்தைப் பார்ப்பதைக் கண்டு உம்மா சொன்னார்:

"சுணங்கினா சுணங்கட்டும் புள்ள. இனி ஆர் வந்து நம்மளை என்ன செய்யப்போறா?"

பக்கத்து வளவிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்து விசாரித்துவிட்டு, எங்களுக்கு இளநீர் கொண்டுவந்து தந்தார். வாப்பா வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அவரது முதுகைப் பார்த்தபடி உம்மா மெதுவாகச் சொன்னார்:

"கடல் வந்த அண்டைக்கும் இப்படித்தான் உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

வாப்பாவின் கை நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை.

"நான் சுணங்கித்தான் போனன்" என்றார். "அஞ்சு வரிசமா அதைத்தான் நினைச்சிக்கொண்டு திரியுறன். நேரத்தோட வந்திருந்தா ஏதும் செய்திருப்பமோ எண்டு நீ நினைக்கிற எண்டு எனக்குத் தெரியும்."

"நான் அதை நினைக்கல்ல. அண்டைக்கு நீங்க வரல்ல எண்டு எனக்குக் கோவமே வரல்ல. விடியச் சாமத்தில எழும்பிச் சமைச்ச களைப்பு. இன்னும் கொஞ்சம் சுணங்கி வரட்டும், நான் கொஞ்சம் சாய்வம் எண்டு சந்தோசமாப் போய்ப் படுத்தன். அங்க அவள் பச்சைப் பிள்ளையோட கிடந்தாள். நான் சந்தோசமாப் படுத்தன். அதை ஆருக்கிட்டச் சொல்ற? அதுதான் நான் உங்களோட கதைக்கல்ல. உங்களில கோவம் இல்ல."

நானும் கணவரும் எழும்பிக் கொஞ்சத் தூரம் தள்ளிப் போய் நின்றோம். வாப்பா வந்து அந்தக் குற்றியில் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒயில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். "களைப்புக்குப் படுக்கிறது குற்றமா?" என்று அவர் சொன்னது காற்றில் கேட்டது. பிறகு இருவரும் அழுதார்கள். வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் நிறுத்தி அடையாள அட்டை கேட்கவில்லை. மஃரிபை அந்த அம்மாவின் வளவில் பாய் வாங்கி விரித்துத் தொழுதோம். கடைசியில் தேங்காய் ஏற்றிவந்த ஒரு லொறியில் வண்டியைத் தூக்கிப் போட்டு, உம்மாவையும் வாப்பாவையும் முன்னால் ஏற்றி, வீடு வந்து சேர்ந்தோம். அன்று இரண்டு பேரும் வீட்டுக்குள் வந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதன் பிறகு வாப்பா ஓய்வுபெற்று, நோயில் விழும்வரை, உம்மா அந்த வண்டியில் எத்தனையோ இடத்துக்குப் போனார். நின்ற இடத்தில் இருந்து பழங்கதை பேசுவார்கள். கடைசி எட்டு மாதம் வாப்பாவுக்குச் சிறுநீரகம் இயங்கவில்லை. கிழமைக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வேதனையைக் காட்டிக்கொள்ளவில்லை. மாட்டுக்காரர்கள் பார்க்க வந்தால், "கறுத்தப் பசு எப்படி?" என்றுதான் முதலில் கேட்பார். மௌத்தாவதற்கு முதல் நாள் உம்மாவிடம், "ஒருத்தருக்கும் நான் மனசறிஞ்சு தீங்கு செய்யல்ல எண்டு நினைக்கிறன். செய்திருந்தா எனக்காகப் பொருத்தம் கேட்டிரு" என்றார். இந்த மலரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் அவருக்காக அந்த மன்னிப்பைக் கேட்கிறோம்.

அவரைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், முறை வைத்து இரத்தம் தந்த தம்பியின் நண்பர்களுக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டித் தோளில் சுமந்த ஊராருக்கும் எங்கள் நன்றி. மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு அனுப்பிய அயல்வீட்டாருக்கும், பாண்டிருப்பிலிருந்து குடும்பத்தோடு வந்து, அடக்கிய கபுறடி வரை நடந்த செல்வராசா அண்ணனுக்கும் நன்றி. வண்டியை உம்மாவே அவரிடம் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றவர், பிறகு தள்ளிக்கொண்டு போனார்.

இன்னும் ஒரு கூட்டத்தாருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இருபது வருடங்களுக்கு மேலாக, நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும், நடுவழியில் நின்ற எங்கள் வாப்பாவைக் கண்டு நின்று, இன்னார் என்று கேட்காமல் தோள் கொடுத்துத் தள்ளிவிட்டு, தங்கள் வழியே போனவர்கள். அவர்கள் தள்ளிவிட்டதால்தான் அவர் ஒவ்வொரு நாளும் எங்களிடம் வந்து சேர்ந்தார். இனிமேல் நீங்கள் போகும் வழியில் எவராவது ஒரு வண்டியை உதைத்துக்கொண்டு நின்றால், அவசரமாக இருந்தாலும் கொஞ்சம் இறங்கி ஒரு கை கொடுங்கள். எங்கள் வாப்பாவுக்காகச் செய்த தர்மமாக, ஸதகாவாக வல்ல நாயன் அதை ஏற்றுக்கொள்வானாக.